முள்வாங்கி

உக்காருங்கக்கா, இங்கன யாரும் இல்ல. இந்தப் பை என்னுதுதான், கீழ எறக்கி வைக்கேன். பிள்ளையை மடியில போட்டுக்கிடுங்க, ஃபேன் காத்து இந்த இடத்துலதான் விழும். வாசல் பக்கம் உக்காந்தா உள்ள கூப்பிடுறது காதுல விழாது. நான் விடியவே வந்து நல்ல இடமாப் பாத்துப் புடிச்சு வச்சிருக்கேன்.

எம் பிள்ளை உள்ள இருக்கா. ஆப்ரேசன் நடக்கு. கண்ணுலதான், ரெண்டு கண்ணுலயும். கீழ் இமை முடி வெளிய பாத்து வளராம உள்ள மடங்கி, கருமுழியில குத்திக்கிட்டே கிடந்துச்சு. தோலைக் கொஞ்சூண்டு நறுக்கி எடுத்துட்டு, முடியை வெளிய பாத்துத் திருப்பித் தச்சிருவாவளாம். மயக்க மருந்து குடுத்துத்தான் செய்வாவ. சின்னப் பிள்ளை, அசையாமப் படுக்காதுல்லா? முத்துலேகான்னு பேரு. ஒண்ணாப்பு படிக்கா.

உங்க பிள்ளைக்கு என்ன? அதேதானா? கொண்டாங்க பாப்போம், வெளிச்சத்துல திருப்புங்க. ஆமாக்கா. அந்தா, மூக்கோரத்துல நாலஞ்சு முடி உள்ள பாத்து நிக்கு. எனக்குப் பாத்த ஒடனே தெரிஞ்சிரும். இருங்க, என் சாவிக்கொத்துல முள்வாங்கி இருக்கு...

என்னக்கா, கையைத் தட்டி விடுதீங்க? நான் ஒண்ணும் செய்யல, காட்டத்தான் எடுத்தேன். எங்க ஊரு பூராவும் உடைமுள்ளுக் காடு. காலுல முள்ளு ஏறாம ஒருத்தரும் வீடு வந்து சேர மாட்டாவ. சின்னப் பிள்ளையிலேயே எங்கய்யா இதைக் கொல்லர்ட்டச் சொல்லிச் செஞ்சு குடுத்தாரு. ஒரு முனை முள்ளு எடுக்க, மறு முனை காது குடைய. நான் எடுக்காத முள்ளே கிடையாது. பெரிய பெரிய ஆம்பளையாள் எல்லாம் என் முன்னால காலை நீட்டிக்கிட்டு உக்காருவாவ, 'ஆவுடை, நீ எடுத்தாத்தான் வலி தெரியாது'ன்னு. ஆவுடைத்தங்கம்னா எங்க பக்கம் அம்புட்டுப் பேருக்கும் தெரியும். சரி சரி, முந்தியில சொருகிட்டேன். பாருங்க, சொருகியாச்சு.

உங்கள்ட்டச் சொல்லுததுக்கு என்ன? நான் இங்க வைத்தியத்துக்கு மட்டும் வரலக்கா. ஒருத்தியைப் பழிவாங்க வந்திருக்கேன்.

சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்லுதேன்.

பூரணம்னு பேரு. எங்க வீட்டுக்காரவுகளுக்குக் கூடப்பிறந்த அக்கா, எனக்கு மைனி. எங்க தெருவுலதான், கொஞ்சம் தள்ளி இருக்கா. மிசின் வச்சு ஜாக்கெட் தைக்கா. பிள்ளைக மூணும் ஆம்பளை. பொட்டப்பிள்ளைக்கு ஏங்கி ஏங்கித் தவங்கிடந்தவ. அந்த வயித்தெரிச்சல்லதான் எம் பிள்ளை கண்ணுல கையை வச்சா.

எப்படின்னு கேளுங்க. எங்கள்ல அத்தைதான் பிள்ளை காதுல பேரு சொல்லணும், அத்தைதான் மொத மை வைக்கணும். வேண்டாம்னு சொல்ல முடியுமா? அவளே விளக்குல கரி புடிச்சு, விளக்கெண்ணெய் விட்டுக் குழைச்சு, ஒரு வெள்ளிச் செப்புல போட்டுக் கொண்டாந்தா. மோதிர விரலால எடுத்து, எம் பிள்ளை கீழ் இமையை இழுத்து ஒரு இழுப்பு. இழுக்கும்போது அவ கண்ணு கலங்கிச்சு. எல்லாரும் 'மருமவ மேல என்ன பாசம் பாரு'ன்னாவ. எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு. அடுத்தவ பிள்ளையைப் பாத்து இவ எதுக்கு அழணும்? அந்த ஏக்கம் அப்படியே இமையில எறங்கிருச்சுக்கா. முடி மடங்கிருச்சு.

டாக்டரம்மா இல்லங்காவ. பிறவியிலேயே வாரதாம். கீழ் இமையில தோலு கொஞ்சம் தடிச்சு, முடியை உள்ள தள்ளுமாம். நிறையப் பிள்ளைகளுக்கு வளர வளரத் தானாச் சரியாயிருமாம், சில பிள்ளைகளுக்கு ஆகாதாம். மைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைன்னாவ. நானும் சரி சரின்னு தலையை ஆட்டுனேன். அவுகளுக்குக் கண்ணைப் பத்தித் தெரியும். பூரணத்தைப் பத்தி என்ன தெரியும்?

நான் மை வச்சேனான்னா, வச்சேன். தினமும் வச்சேன். பொட்டப்பிள்ளையை மை எழுதாம வெளிய விட முடியுமா? ஆனா எம் மை கடை மை. அதுல ஒண்ணும் கிடையாது.

நடக்க ஆரம்பிச்சதுல இருந்தே பிள்ளைக்குக் கண்ணுல தண்ணி. வெயில்ல எறங்குனாக் கண்ணைச் சுருக்கிக்கிட்டுச் சுவரோரமாவே நடப்பா. எந்நேரமும் கசக்கல். ஆளுக்கு ஒண்ணு சொன்னாவ. டிவி பாக்கான்னாவ, சூடுன்னாவ. தர்காவுல மந்திரிச்சேன். மிளகா வத்தலைச் சுத்தி அடுப்புல போட்டேன். கமறவே இல்லக்கா! ஒரு தும்மல் வரல. அதுக்கு என்ன அர்த்தம்? கண்ணு பட்டிருக்குன்னு அர்த்தம். யார் கண்ணு? நீங்களே சொல்லுங்க.

அப்பத்தான் அந்தப் பங்குனி உத்திரம் வந்துச்சு. எங்க சாஸ்தா கோயில்ல வச்சு எல்லாரும் கூடியிருக்கோம். பந்தி நடக்கு. எங்கம்மை, எங்கண்ணன், எம் பிறந்த வீட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் இலையில உக்காந்திருக்காவ. இவ கை கழுவிட்டு வாரா. வந்தவ சும்மா போகாம, எம் பிள்ளை நாடியைப் புடிச்சு வெயிலைப் பாத்துத் தூக்குதா. கீழ் இமையை இழுத்துப் பாக்கா. பாத்துட்டு, சபைக்கே கேக்க மாதிரி, 'ஏ ஆவுடை, இது தூசும் இல்ல, கண்ணேறும் இல்ல. முடி உள்ள மடங்கிக் குத்துது. கண்ணாஸ்பத்திரியில காட்டணும். உனக்கு நேரம் ஒழியலைன்னா எங்கிட்ட விடு, நாளைக்கே நான் கூட்டிட்டுப் போறேன்' அப்படிங்கா.

கேட்டீங்களா? எனக்கு ஒழியலையாம். பெத்தவளுக்கு ஒழியலையாம், தையக்காரிக்கு ஒழியுதாம்.

பந்தியில இருந்த ஒரு கிழடு, 'பிறவி ஊனமா?'ன்னு கேட்டுச்சு. எங்கம்மை சோத்துல கையை வச்சுக்கிட்டு என்னையவே பாத்தா. எங்கண்ணன் பொண்டாட்டி பாத்தா. எல்லாரும் பாத்தாவ. எம் பிள்ளையை ஊனம்னுட்டாளேக்கா! பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு.

இல்ல, அவ வாயால சொல்லல. கிழடு சொன்னதுதான். ஆனா கிழடைச் சொல்ல வச்சது யாரு? இவ எடுத்துக் குடுத்ததுதானே?

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாம்லான்னு கேக்குதீங்க. எப்படிக்கா வருவேன்? அவ சொன்ன மறுநாளு நான் பஸ் ஏறுனா, அவ சொன்னதுதான் சரின்னு ஆகாதா? ஊரு என்னைய என்ன பேசும்? அங்கேயே மண்ணை வாரித் தூத்துனேன். சாஸ்தா முன்னாலேயே சொன்னேன், இவ சொல்லி எம் பிள்ளையை எங்கயும் கூட்டிட்டுப் போக மாட்டேன், நான் பெத்ததுக்கு நானே வைத்தியம் பாத்துக்கிடுவேன்னு.

பாத்தேன். இந்த முள்வாங்கியாலதான் பாத்தேன். முள்ளு எடுத்த கைக்கு முடி எம்மாத்திரம்? ஞாயித்துக்கிழமை தலைக்கு ஊத்தி, பிள்ளையை மல்லாக்கப் போட்டு, ரெண்டு தொடையாலயும் அமுக்கிக்கிடுவேன். எங்க வீட்டுக்காரவுக லாரியில லோடு இல்லாம வீட்டுல இருந்தா கையைப் புடிச்சுக்கிடுவாவ. அப்பவும் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிடுவாவ, ஆம்பளைக்குத் தைரியம் ஏது? ஒவ்வொரு முடியாப் புடுங்கி, என் புறங்கையில வச்சுப் பிள்ளைகிட்டக் காட்டுவேன், 'பாரு, இதான் உன்னையக் குத்துன திருடன்'னு. கத்துவா. கத்தட்டும். கொஞ்ச நாளைக்குக் கண்ணு பளிச்சுன்னு இருக்கும். அவளே சொல்லுவா, 'அம்மா, இப்பக் குத்தல'ன்னு. அதைக் கேக்க எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? ஒடனே நல்ல பாவாடை கட்டி, பூரணம் வாசல்ல உக்காந்து கொக்கி தைக்க நேரமாப் பாத்து அந்த வழியாக் கூட்டிட்டுப் போவேன். பாருடி, உன் ஆஸ்பத்திரி இல்லாமயே எம் பிள்ளை கண்ணு எப்படி இருக்குன்னு.

பொறவு திரும்ப முளைக்கும். முளைக்கது கட்டையா, விறைப்பா முளைக்கும். நான் விடுவேனா? அதையும் எடுப்பேன். கடைசியில சாவிக்கொத்து சத்தம் கேட்டாலே போதும் பிள்ளைக்கு. நான் பூட்டைத் திறக்க எடுத்திருப்பேன். அவ கண்ணை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு ஓடிருவா. எங்க ஓடுவா? அவ வீட்டுக்குத்தான். தையல் மிசினுக்கு அடியில போய்ச் சுருண்டு உக்காந்துக்கிடுவா. நான் போய்க் காலைப் புடிச்சு இழுத்துட்டு வரணும். பெத்தவளைக் கண்டா ஓடுத பிள்ளை அத்தை காலடியில போய் விழுதுன்னா, என்ன வசியம் வச்சிருப்பா, பாருங்க.

ஒரு நாள் அங்க இருந்து வாரா. ரெண்டு கன்னத்துலயும் வெள்ளைப் பிளாஸ்திரி. கீழ் இமையைக் கீழ்வாக்குல இழுத்து ஒட்டியிருக்கு. முடி முழியில படாதாம். 'அத்தை டவுனுல டாக்டர்ட்டக் கேட்டுட்டு வந்து ஒட்டுனாம்மா, குத்தவே இல்லம்மா'ங்கா. எம் பிள்ளை கண்ணுக்கு இவ தனியா பஸ் ஏறிப் போய் டாக்டர்ட்டக் கேட்டுட்டு வாராளாம்! இவ யாரு? அந்தப் பிளாஸ்திரியைப் பிச்சுக் கையில வச்சுக்கிட்டு நேராப் போனேன். தெருவுல நின்னு கேட்டேன், மைனின்னும் பாக்கல. 'எம் பிள்ளை முகம் என்ன கிழிஞ்ச ஜாக்கெட்டாடி, நீ ஒட்டுப்போட?' அப்படின்னு. தெருவே எட்டிப் பாத்துச்சு. அவ குனிஞ்ச தலை நிமிராம மிசினை மிதிச்சுக்கிட்டே இருக்கா. ஊசியில நூலு இல்லக்கா. துணியும் இல்ல. வெறும் மிசின் ஓடுது. அம்புட்டுத் திமிரு.

இங்கயும் டாக்டரம்மா கேட்டாவ, பிளாஸ்திரி ஒட்டிப் பாத்தீங்களான்னு. அதுக்காக அவ செஞ்சது சரின்னு ஆயிருமா?

அன்னையில இருந்து நான் அவளை விடல. தம்பி வீட்டுல இருந்து அக்காளுக்குப் பொங்கப்படி போகணும்லா, பச்சரிசி, வெல்லம், மஞ்சக்குலை, கரும்புன்னு? நிறுத்துனேன். எங்க வீட்டுக்காரவுக தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னாவ. 'இந்த வீட்டுல இருந்து ஒரு கரும்புக்கணு அங்க போச்சு, நான் எங்கம்மை வீட்டுக்குப் போயிருவேன்'னேன். பொங்கல் அன்னைக்குக் காலையில அவ கோலத்தைப் போட்டுட்டு, எங்க வீட்டைப் பாத்துக்கிட்டே வாசல்ல உக்காந்திருந்தா. அடுப்புப் பத்த வைக்கல. வெயில் ஏறுத வரைக்கும் உக்காந்திருந்தா. நான் சன்னல் வழியாப் பாத்துக்கிட்டேதான் பொங்கல் கிண்டுனேன். அன்னைக்கு மாதிரி ருசியா நான் வச்சதே இல்லக்கா. மறு வருசமும் அப்படித்தான்.

அதோட விட்டேனா? அளவு தெரியாம வெட்டுதா, தோள்பட்டை தூக்கிக்கிட்டு நிக்கு, மிச்சத் துணியை அமுக்கிருதான்னு ரேசன் கடையில, குழாயடியில, போற வார இடமெல்லாம் சொன்னேன். கல்யாண ஜாக்கெட்டோட வந்த ஒருத்தியை வழியிலேயே திருப்பி விட்டேன். அவ நம்பரையும் என் போன்ல இருந்து அழிச்சிட்டேன். அவ பேரு எங்கிட்ட எதுலயுமே இருக்கக் கூடாது.

அப்பவும் பிள்ளை பிறந்தநாளைக்கு ஒரு கவுன் தச்சு அனுப்புதா. கழுத்தைச் சுத்திச் சின்னச் சின்னதாப் பூ வேலை. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு நிறம். நல்லாத்தான் இருந்துச்சு, நான் பொய் சொல்ல மாட்டேன். அதை ரெண்டாக் கிழிச்சு, அடுப்புல இருந்து சட்டி எறக்கக் கைப்பிடித் துணியாக்கிட்டேன். பிள்ளை அழுதா. அழுதா அவளுக்குக் கண்ணு இன்னும் செவக்கும். பாத்தீங்களா, அந்தச் செவப்புக்கும் அவதான் காரணம்.

இருங்க, கதவு திறக்கு. இல்ல, வேற யாரையோ கூப்பிடுதாவ. உள்ள போய் ரொம்ப நேரம் ஆச்சேக்கா. மயக்கம் தெளியணும்லா, அதான் போல.

கடைசியில எப்படி வந்தேன்னு கேக்கலியே. டீச்சர் வீட்டுக்கே வந்துட்டாவ. பள்ளிக்கூடத்துல கண்ணு பாக்க ஆளு வந்திருக்காவ போல. 'பிள்ளை போர்டைப் பாக்கவே மாட்டேங்கா, பக்கத்துப் பிள்ளை எழுதுனதைப் பாத்து எழுதுதா. வெளிச்சத்துல கண்ணைத் திறக்க மாட்டேங்கா. முடி குத்திக் குத்திக் கருமுழியில கீறல் விழுந்திருக்கு. இனியும் வச்சுக்கிட்டு இருந்தாப் பார்வையே போயிரும்'னாவ. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அன்னைக்கு அடுப்புல வச்ச பால் பொங்கி வழிஞ்சு அணைஞ்சு போனதுகூடத் தெரியல. எம் பிள்ளை கண்ணுல்லா? மறுநாள் மொத பஸ்ஸுல ஏறிட்டேன். இது பூரணம் சொல்லி வரல. டீச்சர் சொல்லி வந்தேன். அது வேற, இது வேற.

டாக்டரம்மா விளக்கு வச்சுப் பாத்தாவ. பாத்துட்டு நிமிந்து, 'யாரு முடியைப் பிடுங்கினது?'ன்னு கேட்டாவ. 'வீட்டுல'ன்னேன். 'வீட்டுல யாரு?'ன்னாவ. 'வீட்டுலதான்'னேன். 'பிடுங்கப் பிடுங்கக் கட்டையா முளைச்சு, அதுதான் இப்படிக் கீறியிருக்கு. ஒரு ரெண்டு வருஷம் முன்னாடி கொண்டு வந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காதேம்மா'ன்னாவ. வலது கண்ணுல, நட்டநடுவுல, வெள்ளையா ஒரு தழும்பு விழுந்திருக்காம். இனிமே முடி குத்தலைன்னா மங்கலாம். மங்காமலும் போகலாமாம். போகப் போகத்தான் தெரியுமாம்.

கேட்டீங்களா? ரெண்டு வருசம் முன்னாடி! அந்தப் பங்குனி உத்திரம் எப்ப? ரெண்டு வருசம் முன்னாடிதான். அன்னைக்கு அவ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நானே கூட்டிட்டு வந்திருப்பேன்லா? தனியாக் கூப்பிட்டுக் காதோட சொல்லியிருந்தா? சபையில வச்சுச் சொன்னதாலதானே என்னால வர முடியாமப் போச்சு? அந்தத் தழும்புக்கு அவதான் பதில் சொல்லணும். சாஸ்தா சும்மா விட மாட்டாரு.

எப்படித் தைப்பீங்கன்னு கேட்டேன். 'ஜாக்கெட் கைக்கு ஓரம் மடிச்சுத் தைக்கிறாங்கல்ல, அந்த மாதிரிதான்மா. மடிப்பை மட்டும் வெளிப்பக்கமாத் திருப்பிடுவோம்'னாவ. எனக்கு யார் மூஞ்சி ஞாபகம் வரும்? இந்த ஆஸ்பத்திரிக்குள்ளயும் வந்து நிக்கா அந்த மூதி.

இப்பச் சொல்லுதேன், கேளுங்க. தையில அவ புது வீடு பால்காய்ப்பு. மிசினை மிதிச்சு மிதிச்சுக் கட்டுன வீடு. கார்டு வந்துச்சு. அதுல எம் பிள்ளை பேரையும் போட்டிருக்கா. போவேன். பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கட்டி, என் கையால மை எழுதி, முடி எல்லாம் வெளிய பாத்து விரிஞ்சு நிக்கக் கூட்டிட்டுப் போவேன். கூட்டம் கூடுன பொறவு அவ முன்னால நிப்பாட்டி, 'லேகா, அத்தையைக் கண்ணு கொட்டாமப் பாரு'ம்பேன். பாப்பா. எல்லாரும் பாப்பாவ. பொறவு பால் குடுப்பாவ. தம்ளரை வாங்கி, ஒரு சொட்டுக் குடிக்காம, அவ கையிலேயே திருப்பிக் குடுத்துட்டு, கை நனைக்காம பிள்ளையோட எறங்கி வந்துருவேன். புது வீட்டுல மொதப் பால் வேண்டாம்னு தம்பி பொண்டாட்டி எறங்கிப் போனா, அந்த வீடு விளங்குமா? விளங்கவே விளங்காது. அதை நான் கண்ணால பாக்கணும்.

அதுக்குத்தான் ஒருத்தருக்கும் சொல்லல. எங்க வீட்டுக்காரவுக பூனாவுக்கு லோடு ஏத்திப் போயிருக்காவ. போகும்போது பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டேன், ஒங்கக்காளுக்கு மூச்சுக் காட்டக் கூடாதுன்னு. இங்க கையெழுத்து நான்தான் போட்டேன். ராவும் பகலும் நான்தான் பாக்கேன். ஒத்தைக்கு நின்னு நடத்துதேன்னு நாளைக்கு ஊருக்குத் தெரியும்லா?

பிள்ளைதான் உள்ள தள்ளிட்டுப் போகும்போது, 'அத்தை வருவாளா?'ன்னு கேட்டா. 'வர மாட்டா'ன்னேன். மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா.

முத்துலேகான்னா கூப்பிட்டாவ? ஆமா, எம் பிள்ளைதான்! பையைப் பாத்துக்கிடுங்கக்கா, இந்தா வந்துருதேன்.

*

தண்ணி இருக்காக்கா? ஒரு வாய் குடுங்க.

நல்லாத்தான் முடிஞ்சிருக்காம். டாக்டரம்மா சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாவ. தையலு அழகா விழுந்திருக்காம். இல்ல, நான் அழல. உள்ள அந்த மருந்து வாடை.

கட்டில்ல கிடக்கா. ரெண்டு கண்ணுலயும் பஞ்சு வச்சு ஒட்டியிருக்காவ. கை ரெண்டும் பக்கத்துல சும்மா கிடக்கு. சின்னக் கட்டில், அதுலயும் பாதிதான் இருக்கா. இவ இம்புட்டுச் சின்னப் பிள்ளையான்னு இருந்துச்சு எனக்கு. கிட்டப் போனேன். பேருகூடச் சொல்லிக் கூப்பிடலக்கா. சும்மா குனிஞ்சேன். முந்தியில இருந்து இந்தச் சாவிக்கொத்து சரிஞ்சு கட்டில் கம்பியில பட்டுச்சு. லேசாத்தான் பட்டுச்சு.

அலறிட்டா. ரெண்டு கையையும் கொண்டு போய்க் கண்ணை அப்படியே பொத்திக்கிட்டு, 'வேண்டாம்மா, குத்தலம்மா, குத்தவே இல்லம்மா, நல்லாத்தான் இருக்கும்மா'ன்னு. மயக்கம்கூடச் சரியாத் தெளியலக்கா. நாக்குக் குழறுது. அதுலயும் அதைத்தான் சொல்லுதா.

நர்ஸுங்க ஓடி வந்து கையைப் புடிச்சாவ. 'கையை எடும்மா, தையல் பிரிஞ்சிடும், கையை எடு'ங்காவ. எங்கிட்டத் திரும்பி, 'நீங்க தள்ளி நில்லுங்க'ன்னாவ. என்னையக்கா. பெத்தவளை. தள்ளி நின்னேன். நான் தள்ளி நின்ன பொறவுதான் பிள்ளை கையை எறக்குனா.

நாளைக்குப் பஞ்சை எடுத்துருவாவளாம். அதுக்குப் பொறவு காலையிலயும் சாயங்காலமும் தையலோரமாக் களிம்பு போடணுமாம். போடும்போது பிள்ளை திமிரக் கூடாதாம், கையைத் தட்டி விடக் கூடாதாம். தையல் விட்டுச்சுன்னா முடி பழையபடி உள்ள போயிருமாம், தழும்பு இன்னும் பெருசாயிருமாம். பெரிய நர்ஸம்மா கேட்டாவ, 'வீட்டுல யாரு தொட்டாப் பாப்பா சும்மா இருப்பா? அவங்களை வரச் சொல்லுங்க, எப்படிப் போடணும்னு காட்டித் தரோம்'னு. 'நான் போடுவேன்'னேன். அவுக என்னையப் பாக்கல. பிள்ளைகிட்டக் குனிஞ்சு கேட்டாவ, 'யாரு பாப்பா உனக்கு மருந்து போடணும்?'னு.

'அத்தை'ன்னா.

ஒரே சொல்லுதான். கண்ணு ரெண்டும் மூடிக்கிடக்கு, அங்க யார் நிக்கா, எவர் நிக்கா ஒண்ணும் தெரியாது, டக்குன்னு சொல்லிட்டா. அவுக அப்பா பேரைச் சொல்லியிருந்தாக்கூடப் பொறுத்துக்கிட்டிருப்பேன். 'அத்தை எங்க இருக்காங்க, வெளியவா?'ன்னு நர்ஸம்மா கேக்காவ. எல்லாரும் என்னையவே பாக்காவ, அன்னைக்குப் பந்தியில பாத்த மாதிரியே.

வரட்டுங்கேன். என்ன இப்ப? வரட்டும். வந்து பாக்கட்டும், தையல்னா எப்படி இருக்கணும்னு. தம்பி மகளுக்கு ஆப்ரேசன்னு ஒரு வார்த்தை தெரியாம வீட்டுல உக்காந்து ஜாக்கெட் தச்சுக்கிட்டு இருந்தோமேன்னு நெஞ்சு வெடிக்கட்டும். தினமும் ரெண்டு வேளை எங்க வீட்டுப் படி ஏறட்டும். என் வாசல்ல நின்னு, உள்ள வரலாமான்னு எங்கிட்டக் கேட்டுட்டு ஏறட்டும். அதைவிடத் தண்டனை உண்டா அவளுக்கு? அவ போடுத மருந்துல எம் பிள்ளை கண்ணு தெளியட்டும். தெளிஞ்ச கண்ணு மொத யாரைத் தேடுதுன்னு அதையும் பாத்துருதேன்.

அக்கா, ஒங்க போனைக் குடுங்க. இல்ல, எம் போன் இருக்கு. என் நம்பரைப் பாத்தாச் சண்டைக்குன்னு எடுக்க மாட்டா. நீங்களே பேசுங்க. எனக்கு அவகிட்டப் பேச ஒண்ணும் இல்ல. நம்பரா? நீங்க அமுக்குங்க, நான் சொல்லுதேன். தொண்ணூத்தி நாலு...

ஆமாக்கா, அழிச்சேன்தான். அழிச்சா மறந்துருமா? அமுக்குங்க, சொல்லுதேன்.

அடிக்கா? எடுத்துட்டாளா? மிசின் சத்தம் கேக்குதா? ம், அதான், எந்நேரமும் அதுலதான் கிடப்பா. சொல்லுங்க, முத்துலேகாவுக்குக் கண்ணு ஆப்ரேசன் ஆயிருச்சு, பிள்ளை உங்களைக் கேக்கான்னு சொல்லுங்க. நான் கேக்கேன்னு சொல்லீராதீங்க. நகத்தை ஒட்ட வெட்டிட்டு வரச் சொல்லுங்க.

என்ன சொல்லுதா?

மிசின் நின்னுருச்சா?

அழுதாளா. அழட்டும். நல்லா அழட்டும். வச்சிருங்க.

நான் உள்ள போறேன்க்கா. அவ வந்து சேர நேரமாகும், அதுவரைக்கும் பிள்ளை பக்கத்துல ஆளு வேணும்லா? கிட்டப் போக மாட்டேன், கால்மாட்டுல உக்காந்துக்கிடுவேன். இந்தாங்க, இந்தச் சாவிக்கொத்தை உங்க பைக்குள்ள போட்டு வச்சுக்கிடுங்க. ஆமா, முள்வாங்கியோடதான். சத்தம் கேக்காத மாதிரி நல்லா உள்ள தள்ளி வைங்க.